மலையும் ஏரியும் பிறர் மந்தையும்: இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் விலங்குக் காப்பின் வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியில், கம்பிரியா கவுன்டிக்குள், ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள ஏரி மாவட்டம் 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2017-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் நீண்டு கிடக்கும் ஏரிகளும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் மொட்டை மலைகளும், அவற்றுள் 978 மீட்டர் உயர்ந்து இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமாக விளங்கும் ஸ்காஃபெல் பைக்கும் இயற்கை தந்தவை என்றே பார்ப்பவர் கருதுவர். ஆனால் யுனெஸ்கோ அதனைப் பண்பாட்டு நிலத்தோற்றம் என்ற வகையில், அதாவது இயற்கையும் மனித உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்ற வகையில்தான் ஏற்றது. அந்த உழைப்பில் பெரும்பங்கு ஆடு வளர்ப்பினுடையது. மலைச்சரிவுகள் காடாகாமல் புல்வெளியாக இருப்பதற்கும், நடப்பவர் கண்ணுக்குத் தொலைவு திறந்து கிடப்பதற்கும் பல நூற்றாண்டு மேய்ச்சலே காரணம். வெளியூர் சென்றவரின் வீட்டில் தங்கி, அவருடைய நாயையும் பூனையையும் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ஏரிக்கரைகளிலும் மலைகளிலும் சுற்றித் திரியும் பயணிகளை இன்று அங்கே காணலாம். அவர்கள் பின்பற்றும் வழக்கம் புதியது; பிறருடைய விலங்கைப் பொறுப்பேற்றுக் காப்பதோ அந்த மண்ணில் மிகப் பழையது.

அப்பகுதியைக் காணவென்றே வெளியார் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் மேற்கொண்ட பயணத்தின் நாட்குறிப்பும், தாமஸ் வெஸ்ட் 1778-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் அதற்கு அடித்தளமிட்டன. எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வெஸ்ட் வகுத்துக் காட்டிய 'நிலையங்கள்' நெடுங்காலம் பயணிகளின் பாதையைத் தீர்மானித்தன. கருஞ்சாயம் பூசிய குவிந்த கைக்கண்ணாடி ஒன்றைப் பயணிகள் உடன் கொண்டு வந்தனர். பிரெஞ்சு ஓவியர் குளோது லொரேனின் பெயரால் வழங்கிய அக்கண்ணாடியில் மலையைப் பார்க்க வேண்டுமானால் மலைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். விண்டர்மியர் ஏரியின் மேற்குக்கரையில் 1790களில் எழுந்த கிளைஃப் நிலையத்தின் சாளரங்களில், ஒரே காட்சியை வெவ்வேறு பருவங்களில் காண்பது போலத் தோற்றுவிக்க வண்ணக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. 1847-இல் விண்டர்மியருக்கு ரயில் வந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அத்திட்டத்தை எதிர்த்துச் செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். அந்தப் பயணிகளின் பார்வையில் ஆடுகள் காட்சிக்கு அழகு சேர்ப்பவை. அவை யாருடையவை, அந்த மலையில் ஏன் நிற்கின்றன என்பது அவர்களுக்கு எழாத கேள்வி.

விலங்கு ஒன்று பயணிகளின் உள்ளத்தை ஆழமாகத் தொட்ட நிகழ்ச்சியும் இக்காலத்ததே. மான்செஸ்டரைச் சேர்ந்த இளம் ஓவியர் சார்ல்ஸ் கஃப், 1805 ஏப்ரலில் தம் நாய் ஃபாக்ஸியுடன் 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெல்லின் மலையைக் கடக்க முயன்று மறைந்துபோனார். மூன்று மாதங்களுக்குப் பின், ரெட் டார்ன் என்னும் மலைக்குளத்தின் அருகே ஓர் ஆட்டிடையர் அவருடைய உடலைக் கண்டபோது, நாய் உயிருடன் அதன் பக்கத்திலேயே இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அந்நாயின் பற்றைப் பாடினர்; 1890-இல் மலைமேல் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. அந்த நாயைப் புகழ்ந்தது தகும். ஆயினும் அந்த உடலையும் நாயையும் கண்டுபிடித்தவர் ஓர் இடையர் என்பதும் எண்ணத்தக்கது, ஏனெனில் மற்றவர் யாரும் செல்லாத நாளிலும் அந்த மலையில் நடந்து திரியும் கடமை அவருக்கு இருந்தது.

அக்கடமையின் இயல்பை அறிய, அங்குள்ள நில அமைப்பை அறிதல் வேண்டும். ஒவ்வொரு மலைப்பண்ணையும் மூன்று அடுக்காக ஏறிச் செல்கிறது: பள்ளத்தாக்கின் அடியில் வைக்கோற்புல் விளையும் வயல்கள், அவற்றுக்கு மேல் கற்சுவர் சூழ்ந்த கரட்டு மேய்ச்சல் நிலம், அதற்கும் மேல் வேலியோ சுவரோ இல்லாத திறந்த மலை. இம்மேல்மலையை அவ்வூரார் 'ஃபெல்' என்பர். அது பெரும்பாலும் பொதுநிலம். நிலத்தின் உடைமை ஒருவரிடம் இருக்க, மேய்க்கும் உரிமை பல பண்ணைகளுக்கு உரியது. ஒரே மலையில் பலருடைய மந்தைகள் தடுப்பின்றி மேய்ந்தும் ஒன்றோடொன்று பெரிதாகக் கலவாமல் இருப்பதற்குக் காரணம் 'ஹீஃப்' என்னும் பழக்கம். ஹெர்ட்விக் இனத்துத் தாய் ஆடு தான் வளர்ந்த சரிவிலேயே மேய்கிறது. அதன் பின்னே திரியும் குட்டி எந்த ஓடை எல்லை, எந்தப் பாறை மறைவில் காற்று அடிக்காது, எங்கே பனி முதலில் உருகும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு, பெரிதானதும் அதே சரிவைத் தன் குட்டிக்குக் காட்டுகிறது. கறுப்பாகப் பிறந்து, வளர வளர முகம் வெளுத்து, உடல் சாம்பல் நிறமேறும் இந்த ஆடுகள் கம்பிரிய மலைகளின் கடுங்குளிரையும் ஓயா மழையையும் தாங்குபவை. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் படிந்த நில அறிவு ஒரு மந்தையோடு அழிந்துவிட்டால், விலைக்கு வாங்கிய புதிய ஆடுகளை அதே சரிவில் நிலைநிறுத்த ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பின்சென்று மேய்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே அங்கே ஆட்டை நிலத்திலிருந்து பிரித்து விலைபேச முடியாது என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதிலிருந்தே, வெளியார் அதிகம் அறியாத ஓர் ஏற்பாடு தோன்றியது. அதனை நிலக்கிழார் மந்தை எனலாம். பண்ணையோடு சேர்ந்த குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள ஆடுகள் நில உரிமையாளருக்கே சொந்தமாக இருக்கும். புதிதாகக் குத்தகைக்கு வருபவர் அவற்றை ஏற்று, வளர்த்து, கம்பளியையும் குட்டிகளையும் அனுபவித்து, குத்தகை முடியும்போது அதே எண்ணிக்கையில், அதே வயதிலும் தரத்திலும் ஆடுகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஏற்கும்போதும் ஒப்படைக்கும்போதும், அனுபவம் முதிர்ந்த இடையர்கள் நேரில் வந்து ஆடுகளைப் பார்த்துத் தரம் சொல்வர். பிறர் பொருளைத் தன் பொருள்போலக் காப்பது ஒருவருடைய நற்குணமாக மட்டும் விடப்படாமல், எழுதிய குத்தகையாகவும் ஊரறிந்த தீர்ப்பாகவும் அமைந்தது இங்கேதான். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் இதன் அருமையை நன்கறிந்தவர். 1905-இல் ஹில் டாப் பண்ணையை வாங்கி, 1923-இல் ட்ரௌட்பெக் பார்க் என்னும் பெரும்பண்ணையையும் வாங்கிய அவர், 1943-இல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். மலைப்பண்ணைகளின் மந்தைகள் கலப்பற்ற ஹெர்ட்விக் இனமாகவே தொடர வேண்டும் என்றும் தம் உயிலில் எழுதி வைத்தார். நிலத்தை மட்டும் காத்து மந்தையைக் கைவிட்டால் காத்தது பாதியே என்பதை அவரைப் போல் தெளிவாகக் கண்ட புரவலர் அக்காலத்தில் அரியர்.

ஹீஃப் எவ்வளவு வலுவானதாயினும் வழிதவறும் ஆடுகள் எப்போதும் உண்டு. பனிப்பொழிவில் சிக்கியோ, அண்டை மந்தையோடு ஒட்டியோ, ஓர் ஆடு இரண்டு பள்ளத்தாக்குகள் தாண்டிப் போய்விடும். அதைப் பிடித்தவர் தம் மந்தையோடு சேர்த்துத் தீனியிட்டு வைத்திருந்து உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பது மலைநாட்டுக் கட்டுப்பாடு. உரியவரை அறிய இரு அடையாளங்கள் இருந்தன: கம்பளியின்மேல் குறித்த இடத்தில் குறித்த நிறத்தில் இடும் சாயக்கீற்று ஒன்று, காதில் இடும் வெட்டு மற்றொன்று. சாயம் கம்பளி கத்தரிக்கும்போது போய்விடும். காதுவெட்டு ஆடு சாகும்வரை நிற்கும். ஜோசப் வாக்கர் என்பவர் 1817-இல் இவ்வடையாளங்களைத் தொகுத்து 'இடையர் வழிகாட்டி' என்ற நூலாக அச்சிட்டார். அதன் பக்கங்களில் ஒரே மாதிரியான ஆட்டுப் படங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் உடலிலும் காதிலும் ஒரு பண்ணைக்குரிய குறி மட்டும் மாறியிருக்கும். கீழே உரியவரின் பெயரும், குறியைச் சொற்களால் விளக்கும் சிறு குறிப்பும் இருக்கும். எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்து ஆட்டின் சொந்தக்காரரைச் சொல்லிவிடலாம். அவ்வகை வழிகாட்டிகள் பின்வந்த காலத்திலும் திருத்தித் திருத்தி அச்சிடப்பட்டன. வெஸ்டின் நூல் வந்தவர்க்கு நிற்குமிடம் காட்டிற்று. வாக்கரின் நூல் தவறிய ஆட்டுக்கு வீடு காட்டிற்று. இரண்டாவதும் அந்நாட்டின் இலக்கியத்தில் சேர்த்தெண்ணத்தக்கதே.

தவறிய ஆடுகளை மாற்றிக்கொள்வதற்கென்றே பல பள்ளத்தாக்குகளில் இடையர் கூட்டங்கள் நடந்தன. ஆடுகள் கைமாறிய பின் உணவும் பாட்டும் போட்டிகளுமாக அவை திருவிழாக்களாகவே விளங்கின. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று மார்டேல் கூட்டம்; மான்செஸ்டர் நகரின் குடிநீர்த் தேவைக்காக ஹாஸ்வாட்டர் ஏரி 1930களில் அணைகட்டி உயர்த்தப்பட்டபோது மார்டேல் ஊரே நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அவ்வூரின் சுவர்களும் பாலமும் இன்றும் வெளியே தெரிகின்றன.

இக்காப்பு மரபின் வேறொரு வடிவம் குளிர்காலத்திற்கு உரியது. முதல் குளிரை மேல்மலையில் தாங்க மாட்டாத ஆண்டுக்குட்டிகள், நவம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, தலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலிக்கு, தாழ்நிலப் பண்ணைகளில் விடப்படுகின்றன. வசந்தத்தில் திரும்பியதும் அவை தாய் காட்டிய சரிவையே தேடி ஏறுகின்றன. 2001-இல் பிரிட்டனைக் கோமாரி நோய் தாக்கியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது கம்பிரியா. மேல்மலை மந்தைகள் பல தப்பினாலும், தாழ்நிலத்தில் பிறர் காப்பில் இருந்த இளம் ஹெர்ட்விக் ஆடுகள் ஏராளமாக நோய்த்தடுப்புக்காகக் கொல்லப்பட்டன. ஒரு தலைமுறை ஆடுகள் ஒருசேரப் போனதால் அடுத்த தலைமுறைக்குச் சரிவைக் கற்பிக்க வேண்டிய தாய்களே குறைந்தன. அவ்வாண்டு நடைபாதைகள் மூடப்பட்டு ஏரிக்கரை ஊர்கள் வெறிச்சோடியபோது, பண்ணையும் பயணமும் ஒரே நிலத்தை நம்பி வாழ்கின்றன என்பதை விடுதிக்காரரும் உணர்ந்தனர்.

வீட்டு விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் விருந்தினர் இந்த நிலத்துக்குள்தான் வருகிறார். உரிமையாளர் விடுமுறையில் செல்ல, அவருடைய வீட்டில் வாடகையின்றித் தங்கி, நாயை நடத்திச் செல்வதும் கோழிகளை அடைப்பதும் பூனைக்குத் தீனியிடுவதும் அவர் கடமை. விடுதியில் இரண்டு நாள் தங்குபவர் வெயில் நாளைத் தேர்ந்து மலையேறலாம். நாயை ஏற்றவர் மழையிலும் மூடுபனியிலும் காலையும் மாலையும் ஒரே பாதையில் நடந்தாக வேண்டும். அதனாலேயே அந்தச் சரிவின் சேற்றையும் சுவர் வாயிலையும், ஆடுகள் நிற்கும் மூலையையும், வழிகாட்டி நூல் சொல்லாத அளவுக்கு அவர் அறிந்துவிடுகிறார். இவ்வகையில் அவர் கைக்கண்ணாடிப் பயணிகளைவிட ஹெல்வெல்லின் இடையருக்கே நெருங்கியவர்.

சட்டமும் அவரை வெறும் விருந்தினராகக் கருதுவதில்லை. 1953ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேளாண் நிலத்தில் ஒரு நாய் ஆட்டைத் துரத்தினாலும் கடித்தாலும் குற்றவாளி அதன் உரிமையாளர் மட்டுமல்லர்; அந்நேரத்தில் நாய் வேறொருவர் பொறுப்பில் இருந்தால் அவரும் குற்றவாளியே. பொதுமக்கள் நடமாட உரிமை பெற்ற திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும் என்றும், கால்நடையின் அருகே எந்நாளும் அவ்வாறே செய்ய வேண்டும் என்றும் 2000ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. மேல்மலை ஆடுகள் தாழ்நில ஆடுகளைவிடப் பிந்தி, பெரும்பாலும் ஏப்ரல் நடுவிலிருந்தே குட்டி ஈனுகின்றன. குட்டியோடு நிற்கும் தாய் நாயைக் கண்டு மிரண்டு ஓடினால் இரண்டும் பிரிந்துபோகும், பிரிந்த குட்டிக்குப் பாலும் இல்லை, சரிவைக் காட்டுவாரும் இல்லை.