பூனைக்கு எட்டாத கயிறு: உறியின் வரலாறு

எதிர்பாராத நன்மை ஒருவருக்கு வாய்த்தால், பூனையின் அதிர்ஷ்டத்தால் 'சீங்கா' அறுந்தது என்பர் இந்தி பேசுவோர். வங்காளியிலும் அதே பூனைதான். கயிற்றின் பெயர் மட்டும் 'சிகே'. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றுப் பின்னலாகிய அதனைத் தமிழர் உறி என்பர். பழமொழியை வழங்குவோரில் பலர் இன்று அப்பொருளைக் கண்டதில்லை.

சமஸ்கிருதத்தில் இது 'சிக்ய', பாலியில் 'சிக்கா', மராத்தியில் 'சிங்கே'. இரட்டித்த ஒற்று தளர்ந்து, அவ்விடத்தில் மூக்கொலி ஏறுவது வடஇந்திய மொழிகளில் பரவலாகக் காணப்படும் மாற்றமே. தராசுத் தட்டைத் தாங்கும் கயிற்றுக்கும் 'சிக்ய' என்ற பெயர் உண்டு. பொருத்தமான பெயர்தான்: புரிகளுள் ஒன்று குறுகினாலும் தட்டும் சாயும், பானையும் சாயும்.

சதபத பிராமணம் விவரிக்கும் அக்கினிசயன வேள்வியில், நெருப்புச் சட்டியை வேள்வி செய்வோன் முஞ்சைப் புல்லால் திரித்த உறியில் வைத்துக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுச் சுமக்கிறான். உறிக்கு ஆறு புரிகள். ஆண்டுக்கு ஆறு பருவங்கள் என்பது அதற்கு அந்நூல் தரும் விளக்கம். அடுக்களைப் பொருள் வேள்விக்குள் நுழைந்ததேயன்றி, வேள்விப் பொருள் அடுக்களைக்கு இறங்கவில்லை என்று கொள்வதே இயல்பு.

பௌத்த விநயத்தின் சுள்ளவக்கம் கூறும் செய்தி இதனினும் சுவையானது. பிக்கு ஒருவர் தம் பாத்திரத்தை உறியிலிட்டுக் கோலில் தொங்கவிட்டவாறு, வேளையல்லாத வேளையில் ஊர்வாயிலைக் கடந்தார். மின்னுவது வாள் என்றெண்ணிய மக்கள், கள்வன் வருகிறான் என்றனர். கோலும் உறியும் அதன்பின் தடைசெய்யப்பட்டன. நோயுற்ற பிக்குகளுக்கு மட்டும் சங்கத்தின் இசைவோடு விலக்கு உண்டு. துறவியிடம் உறி இருந்தது தமிழகத்துக்கும் புதிதன்று: கலித்தொகையின் பாலைப் பாடலொன்றில் முக்கோல் அந்தணரின் நீர்க்கரகம் உறியில் தொங்குகிறது. மதுரைக்காஞ்சியில் சமணரின் கரண்டையைத் தாங்குவது 'சிமிலி'. தெலுங்கின் 'உட்டி' நம் உறிக்கு நெருங்கிய உறவு. கண்ணன் பிறந்தநாளில் அங்கு உட்டி அடிப்பதும் இங்கு உறியடிப்பதும் ஒரே விளையாட்டு.

விழாக்கள் வெண்ணெயை மட்டுமே நினைவில் வைத்துள்ளன. தோட்டத்திலிருந்து வந்த பூசணியையும் காம்போடு உறியில் ஏற்றினர். மண்தரையில் கிடக்கும் காயின் அடிப்புறம் ஈரம் கோத்து அழுகும். தொங்கும் காய்க்கு எல்லாப் பக்கமும் காற்று. உறியை 'ஏழையின் குளிர்பெட்டி' என்று வருணிப்பது பொருந்தாது. அது குளிரூட்டுவதில்லை, ஈரத்திலிருந்தும் எறும்பு, பூனை முதலியவற்றிடமிருந்தும் பொருளை விலக்கி வைப்பதே அதன் வேலை.

அமைப்பு எளியது. அடியில் பிரிமணை போன்ற வளையம். அதிலிருந்து மூன்று அல்லது நான்கு புரிகள். மேலே அவற்றைச் சேர்க்கும் ஒரே முடிச்சு. பாரம் கூடக் கூட அம்முடிச்சு இறுக வேண்டும். பந்தலில் பாகற்கொடியைக் கட்டும் முடிச்சுக்கு நேர்மாறான குணம் வேண்டும்: கொம்பில் இறுக்கமாகவும், பருத்துவரும் தண்டைச் சுற்றித் தளர்வாகவும் அது நிற்க வேண்டும். தண்டில் உருவாஞ்சுருக்கு இட்டால் கொடி நெரிபடும். புடலங்காய் நேராக நீள அதன் நுனியில் கட்டும் கல்லுக்கோ, நழுவாத சிறு முடிச்சே போதும். இந்த வேறுபாடுகளை ஏட்டில் எழுதி எவரும் கற்பித்ததில்லை.

வங்கத்தில் சணல் மலிந்திருந்ததால், 'சிகா' பின்னுவது பெண்களின் கைவேலையாகச் செழித்தது. மணிகளும் சாயமேற்றிய நூலும் கோத்த 'நக்ஷி சிகா' அங்குதான் உருவானது. 1971 போருக்குப்பின் வங்கதேசத்துப் பெண்கள் கூட்டாகப் பின்னிய சிகாக்கள் பூந்தொட்டி தொங்கவிடும் அலங்காரமாக மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. பல கைவினைப் பட்டியல்களில் இன்று அவை 'சுவர் அலங்காரம்' என்ற தலைப்பின்கீழ் உள்ளன. பானையும் பூசணியும் அந்தக் குறிப்புகளில் இல்லை.