வாயில் திறந்த பின் வந்தவள்

குற்றப் புதினம் என்றாலே இலக்கிய அன்பர்கள் பலர் முகம் சுளிப்பர். தொடர்வண்டி நிலையத்தில் வாங்கி, இறங்கும் ஊரில் இருக்கையிலேயே விட்டுச் செல்லும் நூல் அது என்பது அவர்தம் எண்ணம். கவிஞர்கள் கூடி மகிழும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அதனைப் பற்றிய கட்டுரை எதற்கு என்ற வினா எழலாம். அமெரிக்க நாட்டில் துப்பறியும் புதினத்திற்கு வழி சமைத்தோருள் முதன்மையானவரான அன்னா கேத்தரின் கிரீன், கவிஞராக வேண்டும் என்ற வேட்கையோடு எழுத வந்தவர் என்பதே முதல் விடை. 1878இல் வெளிவந்த ‘லெவன்வொர்த் வழக்கு’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதன் பின்னரும் 1882இல் கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். உலகம் அவரைப் புதின ஆசிரியராகவே நினைவில் கொண்டது.

1897இல் அவர் படைத்த அமீலியா பட்டர்வொர்த், துப்பறியும் முதிர்கன்னி. 1915இல் வந்த வயலட் ஸ்டிரேஞ்ச், செல்வக் குடும்பத்து இளம்பெண். இருவரும் அறிவுக் கூர்மை மிக்கவர்களே. ஆயினும் அரசின் ஆணையும் அதிகாரச் சின்னமும் அவர்கள் கையில் இல்லை. ஒருத்தி அயலார் வீட்டுச் செய்தியில் ஆர்வம் கொண்டவள். மற்றொருத்தி மறைவாகப் பணிபுரிபவள். கதையில் பெண்ணின் அறிவுக்கு இடம் இருந்தது. அரசு அலுவலகத்தில் நாற்காலி இல்லை.

அந்த நாற்காலியின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. அமெரிக்க நடுவண் அரசின் புலனாய்வுத் துறையில் 1922இல் அலாஸ்கா டேவிட்சன் என்னும் பெண்மணி அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 54. அடுத்து ஜெஸ்ஸி டக்ஸ்டைன், லெனோர் ஹூஸ்டன் ஆகிய இருவர் வந்தனர். 1924இல் ஜே. எட்கர் ஹூவர் துறையின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டிலேயே முதலிருவரும் பதவி விலகக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்றாமவரும் 1928இல் வெளியேறினார். அன்று அடைபட்ட கதவு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறக்கவே இல்லை. 1935இல் அத்துறை எஃப்.பி.ஐ. எனப் பெயர் பெற்றது. அலுவலகங்களில் தட்டச்சு செய்யவும் கோப்புகளைக் காக்கவும் பெண்கள் இருந்தனர். புலனாய்வு அதிகாரியாக ஒருத்தியும் இல்லை.

1972 மே 2ஆம் நாள் ஹூவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூலை 17ஆம் நாள் இரு பெண்கள் அதிகாரிகளாக உறுதிமொழி ஏற்றனர். ஜோன் பியர்ஸ் முன்னர்க் கன்னியர் மடத்தில் இருந்தவர். சூசன் ரோலி கடற்படைப் பிரிவில் பணியாற்றியவர். வர்ஜீனியா மாநிலத்துக் குவாண்டிகோ பயிற்சிக் கழகத்திற்குச் சென்று, ஆண்களுக்குரிய அதே பயிற்சியை இருவரும் முடித்தனர். 1976இல் சில்வியா மாத்திஸ், அத்துறையின் முதல் கறுப்பினப் பெண் அதிகாரியானார். ஒரே மனிதரின் மறைவுக்குப் பின் மூன்றே திங்களுக்குள் நிகழ்ந்த மாற்றம், அதுவரை அடைத்து நின்றது பெண்ணின் இயலாமையன்று என்பதைக் காட்டிவிட்டது.

கதவு திறந்ததனால் மட்டும் உள்ளே ஒப்புரவு வந்துவிடவில்லை. 1985இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் குற்றவாளி ஒருவனைக் கைது செய்யச் சென்ற குழுவில் ராபின் அரென்ஸ் என்னும் பெண் அதிகாரி இருந்தார். தம் குழுவைச் சேர்ந்தவர் என்று உணராமல் உடன் வந்தவர்களே அவரைச் சுட்டுவிட்டனர். அத்துறையில் கடமையின்போது உயிர் நீத்த முதல் பெண் அதிகாரி அவர். தம்மில் ஒருத்தி என்று அடையாளம் காணப்படாமையே அவருக்கு எமனாயிற்று. பின்வரும் புதினத்தைப் படிக்கும்போது இச்செய்தியை நெஞ்சில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

1988இல் தாமஸ் ஹாரிஸ் எழுதிய ‘ஆட்டுக்குட்டிகளின் மௌனம்’ வெளிவந்தது. ஹாரிஸ் செய்தியாளராகப் பணிபுரிந்தவர். குவாண்டிகோவின் நடத்தை அறிவியல் பிரிவை நேரில் கண்டு அறிந்தவர். அந்நூலின் தலைவி கிளாரிஸ் ஸ்டார்லிங் இன்னும் அதிகாரி ஆகாதவள், பயிற்சி மாணவி. மேற்கு வர்ஜீனியாவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, காவல் பணியிலிருந்த தந்தையைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவள். பெண்களைக் கடத்திக் கொன்று தோலை உரிக்கும் ஒருவனைத் தேடும் பணி அவளை வந்தடைகிறது. சிறையிலிருக்கும் கொலைஞரான மருத்துவர் ஹானிபல் லெக்டரிடம் அவள் தகவல் பெற வேண்டும். அவரோ ஒவ்வொரு தகவலுக்கும் ஈடாக அவள் வாழ்வின் ஒரு வடுவைக் கேட்கிறார்.

இப்புதினத்தைத் திகிலுக்காகப் படித்தோர் பலர். அதன் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து. ஆற்றில் மிதந்து வந்த பெண்ணுடல் ஒன்று சிற்றூரின் சவ அடக்க இல்லத்தில் கிடத்தப்பட்டுள்ளது. சுற்றிலும் ஊர்க்காவலர்கள் நிற்கின்றனர். ஸ்டார்லிங் பணிவோடும் உறுதியோடும் அவர்களை வெளியே அனுப்புகிறாள். இறந்தோரைக் குளிப்பாட்டி உடுத்தி வழியனுப்பிய மலைநாட்டு மூதாட்டியரின் மரபில் தானும் ஒருத்தியாக நிற்பதை அவள் உணர்கிறாள். பிறகே பார்க்கத் தொடங்குகிறாள். நகப்பூச்சின் மினுக்கமும் காதில் குத்திய துளைகளும் இறந்தவள் எத்தகைய ஊரினள் என்பதை அவளுக்குச் சொல்லிவிடுகின்றன. ஆண்கள் உடலைக் கண்டனர். இவள் ஒரு பெண்ணைக் கண்டாள்.

இதனினும் நுட்பமானது இறுதிப் பகுதி. முதலில் கொலையுண்டவள் ஓகைய்யோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தையல் அறிந்தவளாய் வாழ்ந்தவள். அவளுடைய அறையில் தைத்து முடியாத ஆடையைக் காணும் ஸ்டார்லிங்குக்கு, பிணத்தின் முதுகில் வெட்டி எடுக்கப்பட்ட வடிவத்தின் பொருள் விளங்கிவிடுகிறது. துணியை உடலுக்குப் பொருந்தச் செய்யத் தையலில் இடும் மடிப்பின் வடிவம் அது. துறையின் தலைவர்களும் ஆய்வுக்கூடங்களும் காணாததை, ஊசியும் நூலும் பழகிய கண் கண்டது. எந்த அறிவைப் பெண்ணுக்குரியதென்று அதிகார உலகம் ஒதுக்கி வைத்ததோ, அந்த அறிவே வழக்கின் திறவுகோல் ஆயிற்று. ‘வலிமை மிக்க பெண்’ என்பதற்குத் துப்பாக்கி ஏந்தியவள் என்று மட்டும் பொருள் கொள்வோர் இவ்விடத்தை மீண்டும் படித்தல் வேண்டும்.

1991இல் ஜோனதன் டெம்மி இதனைத் திரைப்படமாக்கினார். குவாண்டிகோ வளாகத்திலேயே காட்சிகளைப் படமாக்கத் துறை இசைந்தது. 1992இல் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் பரிசுகளையும் அப்படம் வென்றது. ஸ்டார்லிங்காக நடித்தவர் ஜோடி பாஸ்டர். 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட திரைநாயகர் வரிசையில் ஸ்டார்லிங் ஆறாம் இடம் பெற்றாள். அப்பட்டியலில் பெண்களுள் முதலிடம் அவளுக்கே.

பின்னர் அவள் வழியில் பலர் வந்தனர். 1993இல் நெவாடா பார் படைத்த அன்னா பிஜன், நடுவண் அரசின் தேசியப் பூங்காவில் காவல் அதிகாரி. நூலாசிரியரே அப்பணி புரிந்தவராதலால் பாறையும் புல்லும் அவர் எழுத்தில் சான்றுகளாகப் பேசும். 1997இல் கேத்தரின் கோல்டர் ஷெர்லாக் என்னும் பெண் அதிகாரியை அறிமுகம் செய்தார். 2018இல் டேவிட் பால்டாச்சி, அரிசோனாவில் தனியொருத்தியாய்ப் பணிபுரியும் அட்லி பைனைப் படைத்தார். விதிவிலக்காகத் தோன்றியவள் மரபாகிவிட்டாள்.

ஆனால் ஸ்டார்லிங்கின் கதை கசப்பில் முடிகிறது. 1999இல் ஹாரிஸ் எழுதிய ‘ஹானிபல்’ புதினத்தில் மேலதிகாரிகளின் காழ்ப்பினால் அவள் பணி சிதைகிறது. முடிவில் மருந்தாலும் மயக்கத்தாலும் அறிவு திரிந்து லெக்டரின் துணையாகிறாள். 2001இல் அந்நூலைத் திரைப்படமாக்கியோர் அம்முடிவை மாற்றியே அமைத்தனர். பிறர் சினம் கொண்டதில் வியப்பில்லை. துறை வஞ்சித்தது என்பதை நான் ஏற்பேன். அத்தகைய வஞ்சனையை வரலாறும் அறியும். தையல் மடிப்பைக் கண்டுணர்ந்த அந்தக் கண், இன்னொருவரின் கைப்பாவையாகிவிட்டது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. படைத்தவருக்கு அவ்வுரிமை உண்டெனின், மறுக்கும் உரிமை படித்தவர்க்கும் உண்டு.

ஹூவர் அடைத்த கதவை இலக்கியம் உடைக்கவில்லை. சட்டமும் காலமும் உடைத்தன. கதவு திறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஸ்டார்லிங் வந்தாள். இலக்கியம் இங்கே பின்னால் வந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அரசாணை பெண்ணுக்கு நாற்காலி தந்தது. அங்கே அமர்ந்து அவள் எதைக் காண்பாள் என்பதைப் புதினம் சொன்னது. காண்பவர் மாறினால் காட்சியும் மாறும். கவிஞர்களாகிய நாம் அறிந்த உண்மைதான் இது. தொடர்வண்டி இருக்கையில் எவரோ விட்டுச் சென்ற நூலிலும் அது கிடைக்கிறது.