சுதந்திரத்துக்கு விலை 15 கோடி பிராங்க் - ஹைதியின் கதை

ஒரு நாடு போரிட்டு சுதந்திரம் வாங்கிவிட்டது. 21 வருடம் கழித்து, தோற்ற நாடு திரும்பி வந்து "எங்களுக்கு நஷ்டஈடு கொடு" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கரீபியன் நாடான ஹைதிக்கு நடந்தது இதுதான்.

பிரான்ஸ் ஆண்ட காலத்தில் அதன் பெயர் சான் தொமிங். பிரான்ஸின் காலனிகளிலேயே அதிக வருமானம் தந்தது அதுதான். சர்க்கரையும் காபியும் அங்கிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. அதை விளைவித்தவர்கள் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தலைவர் தூசான் லூவெர்த்யூரை நெப்போலியனின் படை 1802ல் பிடித்துச் சென்றது. அடுத்த வருடமே அவர் பிரான்ஸ் சிறையில் இறந்தார். ஆனாலும் போர் நிற்கவில்லை. ஜான் ஜாக் தெசலின் தலைமையில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ல் ஹைதி சுதந்திரம் அறிவித்தது. அடிமைகளே போராடி உருவாக்கிய முதல் நாடு!

போரில் ஜெயித்தாயிற்று. ஆனால் அங்கீகாரம்? பிரான்ஸ் ஏற்கவில்லை. அடிமை முறையை வைத்திருந்த அமெரிக்காவும் ஏற்கவில்லை, 1806ல் வர்த்தகத் தடையும் போட்டது. தென் அமெரிக்க விடுதலைக்குப் போராடிய சிமோன் பொலிவருக்கு ஹைதி அதிபர் பெத்தியோன் ஆயுதமும் அடைக்கலமும் கொடுத்தார். அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. அப்படி இருந்தும் 1826ல் பனாமாவில் நடந்த மாநாட்டுக்கு ஹைதிக்கு அழைப்பு இல்லை.

இந்தத் தனிமைதான் பிரான்ஸுக்கு வசதியாகப் போனது. 1825ல் மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணை அனுப்பினார். 5 தவணைகளில் 15 கோடி பிராங்க் கட்ட வேண்டும், பிரெஞ்சு சரக்குக்குப் பாதி சுங்க வரிதான் வாங்க வேண்டும். கட்டினால் அங்கீகாரம். ஆணையோடு 14 போர்க்கப்பல்களும் வந்தன. அதிபர் போயர் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பணம் பழைய தோட்ட முதலாளிகளுக்கு. அவர்கள் இழந்த "சொத்து" என்ற கணக்கில் நிலம் மட்டுமல்ல, மனிதர்களும் இருந்தார்கள். அதாவது விடுதலையான அடிமைகள் தங்கள் உடம்புக்கே விலை கட்டினார்கள். 1803ல் பிரான்ஸ் லூசியானா என்ற மாபெரும் நிலப்பரப்பையே அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்குக்குத்தான் விற்றது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் தவணை 3 கோடி. அது நாட்டின் ஒரு வருட வருமானத்தைவிடப் பல மடங்கு. எனவே பாரிஸ் வங்கிகளிடமே 3 கோடி கடன் வாங்க வேண்டியதாயிற்று. கமிஷன் பிடித்தது போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். வட்டியோ முழுத் தொகைக்கும்! நஷ்டஈடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன். இதை "இரட்டைக் கடன்" என்கிறார்கள்.

1838ல் பிரான்ஸ் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தது. ஆனாலும் காபி விவசாயியின் வரிதான் அதைச் சுமந்தது. பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் கப்பல் ஏறியது. அமெரிக்கா ஹைதியை அங்கீகரித்தது 1862ல், லிங்கன் காலத்தில். தென் மாநிலங்கள் பிரிந்து போயிருந்ததால்தான் அது சுலபமாயிற்று. அதே அமெரிக்கா 1914ல் ஹைதி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றது. 1915 முதல் 1934 வரை நாட்டையே ஆக்கிரமித்தது. பழைய கடன்களை அடைக்க 1922ல் புதுக் கடன் வாங்கப்பட்டது. அது தீர்ந்தது 1947ல்தான்.

2003ல் அதிபர் அரிஸ்டீட், பிரான்ஸ் சுமார் 2,170 கோடி டாலர் திருப்பித் தர வேண்டும் என்றார். 2004ல் அவர் பதவியிழந்தார், கோரிக்கையும் அடங்கிப்போனது. ஆணை வெளியாகி 200 வருடம் ஆன 2025 ஏப்ரல் 17ல், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் குழு அமைப்பதாக அறிவித்தார். பணம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஹைதி என்றாலே ஏழை நாடு, நிலையில்லாத ஆட்சி என்பதுதான் செய்தி. உள்ளூர்த் தலைவர்களின் தவறுகளும் அதற்குக் காரணம்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் நஷ்டத்தைப் பேசும்போது அதன் பழைய கடனையும் பார்ப்பது வழக்கம். ஒரு நாட்டுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது நியாயமா?