ஆயுள் வரை அனுபவித்து

எங்கள் குடும்பத்தில் இரண்டு உயில்கள் உண்டு. ஒன்று 1971இல் தாத்தா கோடு போட்ட தாளில் தன் கைப்பட எழுதியது. மற்றது 1994இல் ஆச்சி எழுதியது. இருவருமே வக்கீலைக் கேட்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான்.

தாத்தாவின் உயில் இப்படிப் போகிறது: ஒன்றரை ஏக்கர் நஞ்சையையும் வீட்டையும் என் மனைவி விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையின்றி ஆயுள் வரை அனுபவித்து, அவளுக்குப் பின் ஆண்மக்கள் இருவரும் சமமாக அடைய வேண்டியது. மனைவியைக் காப்பாற்றும் வரி என்றுதான் அவர் நினைத்திருப்பார். பழைய பத்திரங்களைப் படித்துக் கைக்கு வந்த வரி அது. அதற்கொரு வரலாறு இருக்கிறது.

1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கை விதவைக்குக் கொடுத்தது. ஆனால் வரம்புக்குட்பட்ட உரிமையாகக் கொடுத்தது. அவள் அனுபவிக்கலாம். தக்க அவசியமின்றி விற்க முடியாது. உயில் எழுதி யாருக்கும் வைக்கவும் முடியாது. அவள் இறந்ததும் சொத்து கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மூலம் இதை மாற்ற முயன்ற அம்பேத்கர், அது நிறைவேறாமல் கிடப்பில் போடப்பட்டதால் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 14(1) பிரிவு அந்த வரம்பை நீக்கியது: இந்துப் பெண் தன் வசமுள்ள சொத்துக்கு முழு உரிமையாளர். ஆனால் 14(2), தானத்திலோ உயிலிலோ வரம்பு விதித்துக் கொடுத்தால் அந்த வரம்பு செல்லும் என்றது. சட்டம் வாசல் வழியே அனுப்பியதைத் தாத்தாவின் தாள் கொல்லை வழியே அழைத்து வந்தது.

1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகப் பெண் பெற்ற சொத்து, பத்திரத்தில் வரம்பு இருந்தாலும், அவளுக்கே முழுமையாக உரியது என்றது. ஆச்சியும் அப்படி வாதாடியிருக்கலாம். ஆனால் உயில் வழி வந்த சொத்துகளில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருக்கின்றன. கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கொஞ்சம் நிலம் விற்க நினைத்தவள் பெற்ற மகன்களோடு வழக்காட வேண்டும். அவள் வழக்குக்குப் போகவில்லை. ஒரு கண் கடைசிவரை மங்கலாகவே இருந்தது.

ஆச்சிக்கென்று இருந்தது சீட்டுப் பணத்தில் வாங்கிய மூன்று சென்ட் மனை. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அத்தைக்கு அதை எழுதிவைத்துக் கையெழுத்திட்டாள். பக்கத்து வீட்டு வாத்தியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஒருவர் மட்டும்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இரண்டு சாட்சிகளாவது வேண்டும் என்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்தென்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே தாங்களும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது. உயில் செல்லாமல் போய், மனை மூன்று பிள்ளைகளுக்கும் பிரிந்தது. அத்தைக்குக் கிடைத்தது ஒரு சென்ட்.

தாத்தாவின் உயில் செல்லுபடியானதால் ஆச்சி இழந்தாள். ஆச்சியின் உயில் செல்லாததால் அத்தை இழந்தாள்.

அப்படியானால் எழுதாமலே இருந்துவிடலாமா? 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன பெண் அவர். 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. பெண்ணின் சுய சம்பாத்தியத்தில் பெற்றோருக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளை வைக்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே அவர் சேர்த்ததெல்லாம் வளர்த்த தாய்க்கல்ல, விரட்டிய குடும்பத்துக்கே போனது.

ஆகவே எழுதத்தான் வேண்டும். கேட்டு எழுத வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகத்தைக் கேட்டுப் போகலாம்.

என் உயிலுக்காகப் போனபோது வழக்கறிஞர் அம்மா முதலில் கேட்டது என் சொத்தைப் பற்றியல்ல. “உங்க வீட்டுக்காரர் உயில் எழுதியிருக்காரா? படிச்சுப் பாத்தீங்களா?” என்றார்.

நான் படித்திருக்கவில்லை. அன்றிரவு கேட்டு வாங்கிப் படித்தேன். ஆயுள் வரை அனுபவித்து என்றுதான் அதிலும் இருந்தது.