வெளிச்சவீடும் வீதிவிளக்கும்

முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்குச் செல்லும் பெருந்தெருவிலே, முள்ளியவளையை அடுத்துள்ளது தண்ணீரூற்று என்னும் ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலருகே சுரக்கும் ஊற்றினால் அதற்கு அப்பெயர் வந்தது. வைகாசித் திங்களிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கல் நிகழுமுன், முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அக்கடல்நீரை ஊற்றி விளக்கேற்றுதல் தொன்றுதொட்ட வழக்கம். அதனைக் காண வன்னிநாட்டின் நாற்றிசையினின்றும் மக்கள் திரளுவர். எண்ணெய் கொடுத்தவர் இன்னார் என்று பிரித்துச் சொல்ல இயலாதவாறு, கடல் எல்லார்க்கும் பொதுவாதல்போல அவ்விளக்கும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. பொதுவிளக்கு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இஃதொன்றே அமையும். ஆயின், வீதிதோறும் கம்பம் நாட்டி, ஊரவர் இறுத்த வரிப்பணத்தால் இரவெல்லாம் எரிக்கும் விளக்கு வேறு. அதன் வரலாறும் வேறு.

கண்ணகியின் கதையைக் கூறும் சிலப்பதிகாரமே பழந்தமிழ் நகரொன்றின் இரவொளியைக் கண்ணாற் கண்டாற்போல் எழுதிக்காட்டுகின்றது. கடலாடு காதையிலே, மாதவியுடன் கோவலன் புகார்க் கடற்கரைக்குச் செல்லும்போது, அங்கே தோன்றிய விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றார். சாந்தும் மலரும் விற்போர், கம்மியர், பிட்டு விற்போர், அப்பஞ் சுடுவோர், கள் விற்கும் மகளிர், மீன் விற்போர், திமிலிற் செல்லும் பரதவர், வேற்றுமொழி பேசும் வணிகர், பண்டங் காக்கும் காவலர் என ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு விளக்கு உண்டு. ஊன்றி நோக்கின், இவை யாவும் தத்தம் தொழிலின்பொருட்டு ஏற்றப்பெற்றவையே என்பது விளங்கும். கடை அடைத்தால் விளக்கும் அவியும். வழிச்செல்வோர்க்கென ஏற்றியது கலங்கரை விளக்கம் ஒன்றே. அதுவும் கடல்வழிச் செல்வோர்க்கு. தெருவில் நடந்தவன் கடைக்காரனின் ஒளியை இரவல் பெற்றே நடந்தான். தமிழர் பட்டினங்களிலே இந்நிலை நெடுங்காலம் நீடித்தது எனலாம்.

நகரத்தின் பெயரால் நகரத்துத் தெருவை விளக்கும் முறை, வாயுவிளக்கு வந்த பின்னரே பெருவழக்காயிற்று. இலண்டனிலே பல்மால் என்னும் தெருவில் அவ்விளக்கு 1807 ஆம் ஆண்டில் எரிந்தது. கல்கத்தாவின் தெருக்களுக்கு 1857 இல் வந்தது. பெங்களூர் நகரம் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் வலுவைக் கொண்டு 1905 இலே தன் தெருக்களுக்கு மின்விளக்கிட்டது. கல்கத்தா வாயுவிளக்கேற்றிய அதே 1857 இலேதான் கொழும்புக் கோட்டையின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்து நின்றது. ஒளியோடு அப்போது அதற்குத் தொடர்பில்லை. நேரங் காட்டுதல் ஒன்றே அதன் தொழிலாயிருந்தது.

அக்கோபுரத்தின் வரலாறு சற்று விரித்துரைக்கத்தக்கது. சதாம் வீதியும், முன்னர்க் குயின்ஸ் வீதி எனப்பட்ட ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்திலே, 95 அடி உயரத்தில் அது நிற்கின்றது. கட்டப்பெற்ற காலத்திலே கொழும்பில் அதனினும் உயர்ந்த கட்டடம் வேறில்லை. அதனை வரைந்தவர், 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வாட்டின் மனைவியார் எமிலி எலிசபெத் அம்மையார். ஒரு மாதரின் கைவரைபு அரசாங்கக் கட்டடமாய் எழுதல் அக்காலத்துக்கு அரிய செய்தி. ஆயினும், கொழும்பு வரலாறு பேசுவோருட் பலர் அவ்வம்மையாரை ஒரு வரியோடு விட்டுவிடுகின்றனர். மணிக்கூடோ அவருக்கும் முந்தியது. தேசாதிபதி பிரௌன்றிக் காலத்திலே, 1814 இல், 1,200 பவுண் செலவில் அது தருவிக்கப்பட்டதென்றும், அதனை ஏற்றி வைக்கக் கோபுரங் கட்டப் பணமின்மையால் அரசாங்கப் பண்டசாலையிலே கிடந்ததென்றும் கூறுவர். அங்ஙனமாயின், நாற்பத்துமூன்று ஆண்டுகளாக நேரங்காட்டும் கருவியொன்று நேரம் காட்டாது கிடந்ததாகும்.

பத்தாண்டுகள் கழிந்தபின், 1867 இல், அக்கோபுரத்தின் உச்சியிலே கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு அமைக்கப்பட்டது. மணிக்கூட்டுக் கோபுரம் வெளிச்சவீடுமாயிற்று. நகரத்தின் நடுவே, நாற்சந்தியிலே நின்று, பகலிற் கீழுள்ளார்க்கு நேரமும் இரவிற் கடலிலுள்ளார்க்குத் திசையும் காட்டும் கோபுரம் உலகிலே மிகச் சிலவே. மேலே எரிந்த ஒளி நெடுந்தூரக் கடலுக்குச் சென்றது. கோபுரத்தடியில் நின்றவனுக்கு அதனாற் பயனில்லை. அவனுக்கு வேண்டிய விளக்கை நகராட்சியே தரவேண்டியிருந்தது. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினாற் கொழும்பு மாநகரசபை தோன்றியதும், 1870 களில் வாயுவிளக்குக் கம்பனி தொழில் தொடங்கியதும், 1895 இலே பூஸ்டெட் சகோதரர் கோட்டைக்கு மின்சாரம் வழங்கியதும் இவ்வழியில் அடுத்தடுத்த படிகளாம். 1914 சித்திரை மாதத்திலே கோபுரத்திற் புதிய மணிக்கூடு இயங்கத் தொடங்கியபோது, அதன் முகங்கள் பால்நிறக் கண்ணாடியால் அமைந்து, உள்ளிருந்து ஒளி பெற்றன. அன்றுமுதலே அக்கோபுரம் தெருவில் நிற்போனுக்கும் இரவிலே பயன்படலாயிற்று.

இனி, அவ்விளக்கு அவிந்த கதை. கோட்டையைச் சூழ நின்ற பழைய மதில்கள் 1869 தொடக்கம் 1871 வரை இடிக்கப்பட்டன. போருக்கென்று கட்டியதை வாணிகத்துக்கென்று இடித்தனர். 1875 மார்கழியிலே இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசர் அல்பேட் எட்வேட், கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வணை 1885 இல் முற்றுப்பெற்றது. முன்னர்க் காலித்துறையை நாடிய பெருங்கப்பல்கள் அதன்பின் கொழும்பை நாடின. கப்பலோடு வங்கிகளும் கம்பனிகளும் வந்தன. அவற்றுக்கு மாடிகள் எழுந்தன. மாடிகள் உயர உயரக் கோபுரத்தின் ஒளி கடலுக்குச் செல்லும் வழி குறுகியது. 1933 இலே அதற்கு மின்சாரம் தந்து பார்த்தனர். மின்சாரம் ஒளியைப் பெருக்குமேயன்றிக் கட்டடத்தை ஊடுருவமாட்டாது. 1952 ஆடி மாதம் 12 ஆம் நாள் வெளிச்சவீடு தன் தொழிலினின்றும் நீக்கப்பட்டது. கடலோரத்திலே புதிய வெளிச்சவீடு எழுந்தது. எந்தக் கப்பல்களுக்கு அவ்விளக்கு வழிகாட்டியதோ, அந்தக் கப்பல்கள் கொணர்ந்த செல்வமே அதனை மறைத்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் எரிந்த விளக்கொன்று எவரும் பகைத்து அவிக்காமலே அவிந்தது.

எனினும், கோபுரம் இடிபடவில்லை. வெளிச்சவீடு மட்டுமாயிருந்திருப்பின் அதுவும் இடிபட்டிருத்தல் கூடும். மணிக்கூடு இருந்தமையால், ஒரு தொழில் போனபின் மற்றைத் தொழில் அதனைக் காத்தது. 1996 தை 31 இல் மத்திய வங்கியிலே குண்டு வெடித்துப் பலர் மாண்டபோதும், பின்னர் அயலிலுள்ள தெருக்கள் பொதுமக்களுக்கு நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தபோதும் அது அவ்விடத்திலேயே நின்றது. போர் முடிந்தபின், 2011 இல், அண்மையிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை புதுக்கப்பட்டுக் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. இரவு மனிதர் நடவாத தெருக்களிலே மீண்டும் மனிதர் நடக்கலாயினர். வீதிவிளக்கின் பயனை அளக்க இதனினும் நேரிய அளவுகோல் வேறில்லை. இன்றோ, கடலைத் தூர்த்து 269 ஹெக்டயர் புதுநிலம் ஆக்கப்பட்டுள்ளது. கொழும்பின் கரை பின்னும் ஒருமுறை கோபுரத்தைவிட்டு விலகிச் சென்றுவிட்டது.

அணைக்கு அடிக்கல் நாட்டிய அதே இளவரசரின் வருகையே யாழ்ப்பாணத்திலும் ஒரு கோபுரத்தை எழுப்பியது. இளவரசர் யாழ்ப்பாணத்துக்கு வந்தாரல்லர். வாராத விருந்தினரின் நினைவாக ஊரவர் பணந் திரட்டிக் கோபுரங் கட்டினர் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அக்கால அரசியலை அறிந்தார்க்கு அது வியப்பன்று. கொழும்பு அரும்பொருட்சாலையை வரைந்த ஸ்மிதர் என்பவரே இதனையும் வரைந்தார். மணிக்கூட்டைத் தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன் அளித்தார். 1882 இல் வேலை முடிந்தது. கொழும்புக் கோபுரம் அரசாங்கத்தின் செலவு. யாழ்ப்பாணக் கோபுரம் ஊரவர் சேர்த்த பணம். இவ்வேறுபாடு சிறிதன்று. கோபுரம் எழுந்த காலத்திலே யாழ்ப்பாணத்துக்கு நகராட்சி மன்றமே இல்லை. உள்ளூர்ச் சபை 1906 இலேதான் வந்தது. அது 1921 இல் நகர மாவட்ட சபையாய், 1940 இல் நகரசபையாய், 1949 இல் மாநகரசபையாய் வளர்ந்தது. தெருவுக்கு விளக்கிடும் கடமையுடைய சபை தோன்றுமுன்னரே நேரங்காட்டும் கோபுரம் தோன்றிவிட்டது.

கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே அகன்று கிடக்கும் முற்றவெளி, யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. கொழும்பு தன் மதிலை இடித்து அவ்விடத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்தது. யாழ்ப்பாணத்திலே மதிலும் நின்றது. மதிலின்முன் வெளியும் நின்றது. அவ்வெளியின் ஓரத்திலே மணிக்கூட்டுக் கோபுரமும், நரசிம்மன் என்பார் திராவிடப் பாணியில் வரைந்து 1959 இல் திறக்கப்பட்ட பொதுநூலகமும் ஒன்றையொன்று மறையாது நின்றன. 1981 வைகாசி முடிவிலே நூலகம் எரியூட்டப்பட்டது. அவ்விரவின் ஒளியைப்பற்றி ஈண்டு எழுதவேண்டுவதில்லை. 1990 இலே கோட்டையைச் சூழ நடந்த போரில் அயலெல்லாம் பாழாயிற்று. குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள், ஒரு தலைமுறை மாணவர் ஜாம் போத்தலிலே சிறிது பஞ்சிட்டு, அளந்தெடுத்த மண்ணெண்ணெய் சில துளி வார்த்து, அச்சுடரின் முன்னே பரீட்சைக்குப் படித்தனர். வீதிவிளக்குக் கம்பங்கள் நின்ற இடத்தில் நின்றன, அவற்றில் ஒளியில்லை. புகார்க் காலத்தைப்போல, மீண்டும் அவரவர் விளக்கே அவரவர்க்கு வழியாயிற்று.

பின்னர் யாவும் மெல்ல மெல்ல மீண்டன. சேதமுற்ற மணிக்கூட்டுக் கோபுரம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானியரின் துணையோடு புதுக்கப்பட்டது. நூலகம் 2004 இல் மீளத் திறந்தது. 2014 இலே புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இந்திய அரசின் நன்கொடையாற் கட்டிய கலாசார நிலையம் 2023 இல் நூலகத்தின் அயலிலே திறந்து வைக்கப்பட்டது. அது பல மாடியுடைய பெருங்கட்டடம். அதன் பயனை எவரும் மறுக்கார். ஆயினும், நூலகத்தின் வெண்மாடமும் மணிக்கூட்டுக் கோபுரமுமே வானத்தை அளந்த இடத்திலே இப்போது மூன்றாவது ஒன்று அவ்விரண்டினும் உயர்ந்து நிற்கின்றது. அடுத்து எழுவது எவ்வளவு உயரும்? முற்றவெளியின் எப்பக்கத்தில் எழும்? இவற்றை ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி கேட்கும்போது தனித்தனியே தீர்மானித்தால், கொழும்பிலே நிகழ்ந்ததுவே இங்கும் நிகழும். அங்கும் எந்த ஒரு கட்டடமும் தனியே நின்று ஒளியை மறைத்ததில்லை. உயரத்துக்கொரு வரம்பை முன்னரே வகுத்தல் மாநகரசபையின் கடன். அவ்வரம்பு முற்றவெளிக்கு மட்டுமேனும் வேண்டும்.

விளக்கிடும் முறையிலும் ஒரு சொல் கூறவேண்டியுளது. பழங்கட்டடத்தின்மேல் நிறநிறமான மின்னொளியைப் பாய்ச்சுதலே புனருத்தாரணம் என்று கருதும் வழக்கம் இப்பொழுது எங்கும் பரவிவருகின்றது. பார்க்க வருவோர்க்கு அது நன்று. வேலை முடிந்து மாலையிலே பேருந்து நிலையத்துக்கு நடக்கும் கடைப்பெண்ணுக்கோ, கோபுரத்தின் உச்சி ஒளிர்வதைவிடக் காலடியில் உள்ள வடிகாலின் மூடி தெரிவதே பெரிது. கொழும்புக் கோபுரம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடலுக்கு ஒளி வீசியபின்னரே தன் கீழுள்ளார்க்கு முகவொளி காட்டியது. அத்தனை காலம் யாழ்ப்பாணம் காத்திருத்தல் வேண்டா.

முல்லைத்தீவுக்கு இத்தகைய கோபுரம் வாய்த்ததில்லை. அதற்கு வாய்த்தது கடற்கரை வெளிச்சவீடு ஒன்றே. அது போரிலே அழிந்தது. 2004 மார்கழியிற் கடல் பொங்கி ஊரை அழித்ததும், 2009 இலே போர் முடிந்த முறையும் யாவரும் அறிவர். மக்கள் மீண்டு வந்தபோது, வீட்டுக்குக் கூரையும் கிணற்றுக்குத் துப்புரவும் முதலில் வேண்டப்பட்டன; வீதிவிளக்கு அதற்கும் பின்னரே. இன்று தண்ணீரூற்று வழியே செல்லும் பெருந்தெருவுக்கு விளக்கிடுதல் கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபையின் பொறுப்பு. நகர்களிலே மணிக்கூடு நிற்கும் சந்தி எப்படியோ, அப்படியே இவ்வூர்களுக்குக் கோயில் முன்றில். பொங்கல் நாளிலே காட்டா விநாயகர் கோயிலினின்றும் மடைப்பண்டத்தோடு வற்றாப்பளைக்கு நடக்கும் அடியார் கூட்டத்துக்கு அவ்வழி முழுவதும் விளக்கிருத்தல் வேண்டும். பொங்கல் கழிந்த மறுநாள் மாலை, அதே வழியால் தனியே வீடு திரும்பும் மாணவிக்கும் அவ்விளக்குகள் எரிதல் வேண்டும்.