குற்றத்தீர்ப்பு: இந்தியச் சட்டத்தில் அது நிலைகொள்ளும் நேரம்

ஒருவர் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று நீதிமன்றம் தீர்மானித்து, அவரைக் குற்றவாளி என அறிவிப்பதே குற்றத்தீர்ப்பு. அதற்காக விதிக்கப்படும் சிறையோ அபராதமோ தண்டனை. இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதால் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன; சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் நடந்த ஒரு குற்றத்துக்கான வழக்கு தூத்துக்குடி அமர்வு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவதாகக் கொள்வோம். வாதங்கள் முடிந்ததும் நீதிபதி குற்றவாளியா, நிரபராதியா என்று முதலில் தீர்ப்புரைக்க வேண்டும். குற்றவாளி என்றால், தண்டனையின் அளவு குறித்து அவர் சொல்வதைத் தனியே கேட்ட பிறகே தண்டனை விதிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235ஆம் பிரிவும் இதையே சொன்னது. ஆகவே குற்றத்தீர்ப்பு பிறப்பது முதல் கட்டத்தில்தான். ஆனால் அதனால் பதவி போகுமா, பாஸ்போர்ட் போகுமா, வேலை போகுமா என்பதை அந்தந்தச் சட்டத்தின் சொற்கள்தாம் முடிவுசெய்கின்றன. குற்றத்தீர்ப்பு எப்போது பிறக்கிறது, அதன் விளைவு என்ன என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதே இத்துறையில் காணப்படும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

தமிழ்நாட்டின் அண்மைக்கால எடுத்துக்காட்டு, முன்னாள் அமைச்சர் க.பொன்முடியின் சொத்துக்குவிப்பு வழக்கு. விழுப்புரம் நீதிமன்றம் 2016இல் அளித்த விடுதலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர் 19 அன்று ரத்துசெய்து, அவரைக் குற்றவாளி என அறிவித்தது. மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது டிசம்பர் 21 அன்று. இடைப்பட்ட இரண்டு நாளில் அவர் யார்? தண்டனை தெரியாத, ஆனால் குற்றத்தீர்ப்பு பெற்ற மனிதர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தகுதியிழப்பைக் குற்றத்தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கிடுகிறது. அதே பிரிவு பொதுவான குற்றங்களுக்கு இரண்டாண்டுக்குக் குறையாத சிறை என்ற நிபந்தனையையும் வைக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டக் குற்றங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை, அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டாலும் ஆறாண்டுத் தகுதியிழப்பு உண்டு. பொதுக் குற்றம் என்றால், தண்டனை எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் தகுதி போனதா என்று சொல்ல முடியும். போனது என்றால், தீர்ப்பு நாளிலிருந்தே போனதாகும்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஒருவரைக் குற்றவாளி என்று கொள்வது நியாயமா என்ற மறுப்பு வலுவானது. கீழ் நீதிமன்றங்கள் தவறுவதும் உண்டு. அரசு நிறுவனமான டான்சியின் நில வழக்கில் இதுவே வாதமாக வைக்கப்பட்டது. 2000 அக்டோபர் 9 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜெ.ஜெயலலிதாவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைத்தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது, குற்றத்தீர்ப்பை நிறுத்தவில்லை. 2001 தேர்தலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. ஆயினும் மே 14 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது: தண்டனையை நிறுத்திவைப்பதால் குற்றத்தீர்ப்பு அழிவதில்லை, மேல்நீதிமன்றம் ரத்துசெய்யும்வரை அது நிற்கும். டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்த பிறகுதான் அவர் 2002 மார்ச்சில் மீண்டும் முதலமைச்சராக முடிந்தது. இந்த முடிவே சரி. மேல்முறையீடு செய்ததுமே குற்றத்தீர்ப்பு உறங்கிவிடும் என்றால், அதை நிறுத்திவைக்கத் தனி அதிகாரத்தைச் சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. பதவியில் இருப்பவர்கள் மேல்முறையீட்டைக் காட்டி நீடிக்க வழிவிட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவையும் 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்துவிட்டால், அது ரத்தாகவில்லை என்று சொல்லி அதன் விளைவை நீட்டிக்க முடியாது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் பொன்முடியின் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அது நிறுத்தம்தானே தவிர ரத்து அல்ல என்று சொல்லி, ஆளுநர் அவருக்கு மீண்டும் அமைச்சராகப் பதவிப்பிரமாணம் செய்துவைக்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு மார்ச் 22 அன்று பதவியேற்பு நடந்தது. ராகுல் காந்தியின் மக்களவை உறுப்பினர் பதவியும் 2023 ஆகஸ்டில் குற்றத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்ட பிறகே திரும்பியது. நிறுத்தம் என்பது விளைவுகளை நிறுத்துவதற்காகத் தரப்படும் ஆணை. விளைவு தொடரும் என்றால் அந்த ஆணைக்குப் பொருளே இல்லை.

வளைகுடா, இலங்கை, ஹாங்காங் என்று பிழைப்புக்கும் வணிகத்துக்கும் போய்வரும் காயல்பட்டினம் போன்ற ஊர்களில் இது அரசியல்வாதிகளின் கவலை மட்டும் அல்ல. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் குற்றத்தீர்ப்பும் இரண்டாண்டுக்குக் குறையாத சிறையும் பெற்றவரின் பாஸ்போர்ட்டை முடக்க 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் அதிகாரம் தருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய தீர்ப்பு இருந்தால் புதிய விண்ணப்பத்தையும் மறுக்க வேண்டும். சிறிய வழக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடுவர் முன் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது குற்றத்தீர்ப்புதான். ஒப்புக்கொண்ட பின் தண்டனையின் அளவை எதிர்க்கலாமே தவிர, குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய அடைபட்டுவிடும். சட்டம் அனுமதிக்கும் குற்றங்களில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டால் நிலைமை நேர்மாறு: அதற்கு விடுதலையின் பலன் உண்டு.

நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டவர் நிலை இன்னும் நுட்பமானது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பை நீக்குகிறது, குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. தென்னக ரயில்வே ஊழியர் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இங்கிலாந்தில் இப்படி விடுவிக்கப்படுவதைச் சட்டமே பெரும்பாலான காரியங்களுக்குக் குற்றத்தீர்ப்பாகக் கருதுவதில்லை. நியூயார்க் மாநிலத்திலோ குற்றவாளி என்று ஜூரியின் முடிவு வந்த கணமே குற்றத்தீர்ப்பு. ஒரே சொல்லுக்கு உலகெங்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதால், வெளிநாட்டு விசா படிவத்தில் இருக்கும் கேள்விக்கு நம் ஊர் வழக்கை வைத்து மட்டும் விடை எழுதக் கூடாது.

குற்றத்தீர்ப்பு தண்டனையைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்கு இந்தக் கடற்கரையின் வரலாறே சான்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாருக்கு 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, குற்றத்தீர்ப்பு விழவில்லை. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்தபோது வழக்கறிஞராகத் தொழில் செய்வதற்கான சன்னது (உரிமம்) அவரிடம் இல்லை. அதைப் பின்னர் மீட்டுத்தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இன்று தீர்ப்பு பெறுபவர், வழக்கறிஞரின் வாய்ச்சொல்லோடு நிற்காமல், நிறுத்திவைக்கப்பட்டது தண்டனையா குற்றத்தீர்ப்பா என்பதை ஆணையின் வாசகத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனடியாக, கட்டணமின்றித் தர நீதிமன்றம் கடமைப்பட்டிருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.