ஓடும் அலையை நிறுத்தியவர்கள்

ஒரு மனிதரைத் திருடன் என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டுப் பிறகு அவர் திருடன் அல்ல என்று தெரிந்துகொள்வதைப் போலச் சங்கடமான காரியம் வேறு ஒன்று இருக்க முடியாது. 'திருடன்' என்ற வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் நான் சொன்ன வார்த்தைகளுக்கு அதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

விஷயம் இதுதான். என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன டிரான்ஸிஸ்டர் ரேடியோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆறு பேட்டரி, அதாவது 9 வோல்ட், போட்டால் பாடும். மாதா மாதம் பேட்டரி வாங்கி மாளாமல், எங்கள் தெருக்கோடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் சொல்லி ஓர் எலிமினேட்டர் செய்து வாங்கினேன். வீட்டு மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி அது. இரண்டு வருஷம் ஒழுங்காக உழைத்தது. பிறகு ரேடியோவில் பாட்டுக்கு அடியில் 'உர்ர்' என்று ஓர் உறுமல் கேட்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் என் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். எஞ்சினீயரிங் படிக்கிற பையன். சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். "இது ஆஸிலாஸ்கோப், மாமா" என்றான். தமிழில் அலைவுகாட்டி என்கிறார்கள். சாதாரண மீட்டர் மின்சாரம் எத்தனை வோல்ட் என்று ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்திவிடும். இந்தக் கருவியோ அந்த வோல்ட் கணத்துக்குக் கணம் எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் கோடு போட்டே காட்டும். இடமிருந்து வலமாகப் போவது காலம். கீழிருந்து மேலே ஏறுவது வோல்ட்.

பையன் சினிமாவுக்குப் போன நேரத்தில் அதை நானே எடுத்து முடுக்கினேன். சோதனைக் கம்பியின் முனையை விரலால் தொட்டதும் திரையில் ஓர் அலை துள்ளியது! வீட்டுச் சுவர்களுக்குள் வினாடிக்கு 50 தடவை அலையும் மின்சாரத்தை என் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கிக் கொடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த உற்சாகத்தில் எலிமினேட்டரின் இரண்டு ஒயர்களிலும் கம்பியை மாட்டினேன். திரையில் வந்த எண் 0.9 வோல்ட்.

ஒன்பது எங்கே, புள்ளி ஒன்பது எங்கே! பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டாரே இந்த மனுஷர் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. 0.9 வோல்ட்டில் அந்த ரேடியோ உறுமக்கூட உறுமாது என்ற யோசனை எனக்கு வரவில்லை. கோபம் வந்தால் கணக்கு வராது போலும். கருவியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய், அங்கே நின்றிருந்த நாலைந்து பேருக்கு முன்னால் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

பாய்க்கு எழுபது வயசு இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "உக்காருங்க தம்பி. அதைக் கொடுங்க" என்றார். வாலிபத்தில் மேஜையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய ஆஸிலாஸ்கோப்பில் வேலை பார்த்தவராம். எலிமினேட்டரை அவர் தொடவே இல்லை. கருவியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிறிய தகட்டில் சோதனைக் கம்பியை மாட்டினார்.

"இது தன்னைப் பத்திச் சரியாச் சொல்லுதான்னு முதல்லே பாக்கணும். அப்புறம் அடுத்தவனைப் பத்திக் கேக்கலாம்" என்றார்.

அந்தத் தகட்டிலிருந்து கருவியே ஒரு சதுர அலையை வெளியே அனுப்புகிறது. வினாடிக்கு 1000 தடவை. உயரம் 3 வோல்ட் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. திரையில் வந்ததோ 0.3 வோல்ட்! பாய் கம்பியின் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சிறு பொத்தான். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 10. பத்தில் நிறுத்தினால் உள்ளே வரும் மின்சாரத்தைக் கம்பியே பத்தில் ஒன்றாகக் குறைத்துத்தான் கருவிக்குக் கொடுக்கும். 'நான் பத்தில் இருக்கிறேன், நீ பெருக்கிக்கொள்' என்று கருவியிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். பையனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாய் அதைச் சரிசெய்து எலிமினேட்டரில் மாட்டினார். 9 வோல்ட். நின்றிருந்தவர்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அவர் அத்துடன் விடவில்லை. மறுபடியும் கம்பியைத் தகட்டில் மாட்டினார். சதுர அலையின் மூலைகள் மழுங்கித் தெரிந்தன. கம்பியின் தலைமாட்டில் ஊசி முனை அளவு திருகு ஒன்று இருக்கிறது. அது ஒரு சிறிய கண்டென்ஸர். நீண்ட ஒயரும் கருவியின் வாயும் தாமே கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அலையின் வடிவம் கெடுகிறது. அதை இந்தத் திருகு ஈடுகட்டுகிறது. குறைவாகத் திருகினால் மூலை மழுங்கும். அதிகமானால் கொம்பு முளைக்கும். நிதானமாகத் திருகி, மூலைகளைச் செங்கல் மாதிரி நேராக்கினார்.

பிறகுதான் உறுமலைத் தேடினார். நிலையான 9 வோல்ட்டை மறைத்துவிட்டு, அதன்மேல் ஏறி வரும் நடுக்கத்தை மட்டும் பெரிதாக்கினார். சிறு சிறு மேடுகள் திரையில் குறுக்கே ஓடின. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். ஓடிய மேடுகள் சட்டென்று நின்றன. வினாடிக்கு 100 மேடு. "கண்டென்ஸர் சோர்ந்து போச்சு. வயசாச்சுன்னா எல்லாருக்கும் அப்படித்தானே" என்று சொல்லி வேறு ஒன்றைப் போட்டார். கண்டென்ஸரின் விலையைத் தவிரக் காசு வாங்கவில்லை.

நிற்க. ஓடிக்கொண்டிருந்த அலை அப்படி நின்றது என் மனத்தை விட்டு அகலவில்லை. வினாடிக்கு நூறு தடவை வந்து போவதை ஒரு மனிதன் எப்படி நிறுத்திவைத்துப் பார்க்கிறான்? இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பதினைந்து நாள் இதே நினைவாகப் புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் வருகிறவர் ஜூபேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1880-ஆம் வருஷம், மின்சாரம் செய்யும் இயந்திரத்தின் அச்சிலேயே ஒரு தொடுமுனையை அவர் பொருத்தினார். அச்சு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு கணம் மட்டும் அது தொடும். எப்போதும் அலையின் அதே இடத்தில்தான் தொடும் என்பதால் மீட்டர் முள் ஆடாமல் நிற்கும். எண்ணைக் குறித்துக்கொள்வார். தொடுமுனையைச் சற்றே நகர்த்தி அடுத்த எண்ணைக் குறிப்பார். இப்படிப் புள்ளி புள்ளியாக வைத்துக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அலை வரும். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கணக்குதான்.

இதில் ஒரு குறை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற அலையைத்தான் இப்படிப் பிடிக்கலாம். 1893-ல் பிளாண்டெல் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரரும், சில வருஷங்களுக்குப் பின் டட்டெல் என்ற ஆங்கிலேயரும், மெல்லிய கம்பியில் துளிக் கண்ணாடியை ஒட்டி, மின்சாரம் பாயும்போது அது ஆடுவதை ஒளிக்கதிரால் படம் பிடித்தார்கள். ஆனால் எவ்வளவு சிறிய கண்ணாடியானாலும் அதற்கும் எடை என்று ஒன்று உண்டு. வேகமான அலைக்கு ஈடுகொடுத்து அதனால் ஆட முடியாது. எடையே இல்லாத எழுதுகோல் ஒன்று வேண்டியிருந்தது.

அதைக் கண்டவர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். அப்போது ஜெர்மன் சாம்ராஜ்யத்தில் இருந்து, இப்போது பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் அவர் பேராசிரியர். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையிலிருந்து புறப்படும் காதோட் கிரணத்தைச் சிறு துவாரத்தின் வழியே செலுத்தி, மறுமுனையில் ஒளிரும் பூச்சுப் பூசிய திரையில் விழச் செய்தார். திரையில் ஒரு புள்ளி மின்னியது. குழாய்க்குப் பக்கத்தில் கம்பிச்சுருளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அந்தப் புள்ளி மேலும் கீழும் ஆடியது. அதைச் சுழலும் கண்ணாடியில் பார்த்தார். ஆட்டம் பக்கவாட்டில் விரிந்து அலையாகத் தெரிந்தது. இதை அவர் வெளியிட்டது 1897 பிப்ரவரியில். அந்தக் கிரணம் எலெக்ட்ரான் எனப்படும் நுண்ணிய துகள்களால் ஆனது என்று லண்டனில் ஜே. ஜே. தாம்ஸன் அறிவித்ததோ அதே வருஷம் ஏப்ரல் கடைசியில்! எழுதுகோல் எதனால் ஆனது என்று தெரிவதற்கு முன்பே பிரவுன் அதைக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்தக் குழாய்க்கு அவர் பேடண்ட் வாங்கவில்லை. வேண்டியவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விவரத்தை எல்லாம் எழுதி வெளியிட்டுவிட்டார். அந்தக் குழாய்தான் பின்னால் ரேடார் ஆயிற்று. நம் வீட்டுக் கூடத்தில் நாற்பது வருஷம் கொலுவிருந்த டெலிவிஷன் பெட்டியும் ஆயிற்று. பிரவுனுக்கு 1909-ல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தக் குழாய்க்காக அல்ல, வயர்லெஸ் துறையில் செய்த வேலைக்காக, மார்க்கோனியோடு பங்கிட்டு. 1914 கடைசியில் வயர்லெஸ் பேடண்ட் வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல அமெரிக்கா போனார். யுத்தமும் வியாதியும் அவரைத் திரும்ப விடவில்லை. 1917-ல் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கவே, பகை நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். 1918 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் காலமானார். ஊர் திரும்பவே இல்லை.

அவருடைய உதவியாளர் ஜெனெக் 1899-ல் சுழலும் கண்ணாடியை அகற்றி, புள்ளியைப் பக்கவாட்டிலும் மின்சாரத்தாலேயே இழுக்க வழி செய்தார். அலை இப்போது திரையிலேயே விழுந்தது. ஆனால் ஓயாமல் ஓடியது. பக்கவாட்டில் இழுக்கும் வேகமும் அலையின் வேகமும் மயிரிழை மாறினாலும் படம் நகர்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தக் கைவித்தை வேண்டும். அதுமட்டும் அல்ல, அது காட்டியது வடிவத்தைத்தான். எத்தனை வோல்ட், எத்தனை நேரம் என்பது பெரும்பாலும் பார்ப்பவரின் அனுமானம்.

இந்த இரண்டுக்கும் முடிவு கட்டியவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் வாலம். அமெரிக்காவில் ஆரெகன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரவாசி. கல்லூரியில் படிக்கும்போதே சொந்தமாக ஓர் ஆஸிலாஸ்கோப் செய்தவர். யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் ரேடார் வேலை பார்த்தார். 1946-ல் ஜாக் மர்டாக் முதலிய நண்பர்களுடன் டெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் 511 என்ற கருவி விற்பனைக்கு வந்தது. விலை 795 டாலர். புள்ளியை ஓயாமல் ஓட விடாமல், அலை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்ட பிறகுதான் அது புறப்படும்படி செய்திருந்தார்கள். இதற்கு டிரிகர் என்று பெயர். கோவில் திருவிழாவில் குடைராட்டினம் சுற்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, நீலக் குதிரை நேரே வரும்போது மட்டும் திறக்கிறீர்கள். குதிரை அங்கேயே நிற்பதுபோல் தோன்றும் அல்லவா? அதுதான் சூட்சுமம். பாய் அழுத்திய பொத்தானுக்குள் இருந்தது இதுதான். திரையில் ஒரு கட்டம் என்றால் இத்தனை நேரம் என்று நம்பிப் படிக்கும்படியும் அந்தக் கருவியை அளவு பிசகாமல் செய்தார்கள். அது முதற்கொண்டு ஆஸிலாஸ்கோப் வெறும் படம் காட்டுவது போய், அளந்து சொல்லும் கருவி ஆயிற்று.

1970-களில் டிஜிட்டல் முறை புகுந்தது. 1990-களின் தொடக்கத்தில் கையில் பிடிக்கும் ஆஸிலாஸ்கோப்பும் வந்தது. என் அக்கா மகனின் கருவியில் பிரவுனின் குழாய் கிடையாது. அலையை வினாடிக்கு லட்சக்கணக்கில் புள்ளிகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக்கி, சேர்த்துக் கோடு இழுக்கிறது. அதாவது, சுற்றிச் சுற்றி 1880-ல் ஜூபேர் போட்ட கோலத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்!

கூடவே ஒரு புதிய பொய்யும் வந்து சேர்ந்தது. அலையின் வேகத்துக்குப் போதுமான புள்ளிகள் எடுக்காவிட்டால், வேகமான அலையை மெதுவான அலையாக இந்தக் கருவி காட்டிவிடும். ராட்டினத்தின் எதிரில் தப்பான நேரங்களில் கண்ணைத் திறப்பவனுக்கு அது பின்பக்கமாகச் சுற்றுவதுபோல் தெரிகிறதே, அந்த மாதிரி. ஒரு முழு அலைக்கு இரண்டு புள்ளிகளுக்கு மேல் வேண்டும் என்பது கணித விதி. நடைமுறையில் இன்னும் பல மடங்கு வேண்டும். அந்தப் பொய்யை அது தெளிவாக, அசையாமல், அழகாகக் காட்டும். அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம்.

இந்தக் கதை முழுவதையும் படித்த பிறகு எனக்குப் பட்டது ஒன்று. ஜூபேர் முதல் வாலம் வரை ஒவ்வொருவரும் முதலில் தேடியது தங்கள் கருவியின் குற்றத்தைத்தான். கண்ணாடியின் எடை ஒரு குற்றம். ஓடும் படம் ஒரு குற்றம். அளவில்லாத வடிவம் ஒரு குற்றம். அதைக் கண்டு சொல்லக் கூச்சப்படாததால் அடுத்த படி கிடைத்தது. நானோ கருவியைக் கையில் எடுத்த அரைமணி நேரத்துக்குள் எதிராளியின் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போய்ப் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். முந்தின நாள் நின்றிருந்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல். அவர்கள் கேட்டது என் குற்றச்சாட்டை மட்டுமே.

"அதெல்லாம் என்ன தம்பி! ரேடியோ எப்படிப் பாடுது, அதைச் சொல்லுங்க" என்றார் பாய்.

நன்றாகப் பாடுகிறது. உறுமல் இல்லை.